பழைய வண்டியில் புரியாத எரர் கோட்: பாகம் மாற்றுவதற்கு முன் எதை அளக்க வேண்டும்

பழைய வண்டியில் ஸ்கேனரைச் செருகினால் பெரும்பாலும் ஒரு கோட் மட்டும் வராது. கூலன்ட் சென்சார், த்ராட்டில், ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஐந்தாறு வரிசைகட்டும். ஐந்து சென்சாரும் ஒரே நாளில் சாகாது. அவை பங்கு போட்டுக்கொள்ளும் எர்த்தோ, 5 வோல்ட் சப்ளையோ, பேட்டரியோதான் முதல் சந்தேகம்.

கோட் சொல்வது எந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதை. எந்தப் பாகம் போச்சு என்பதை அல்ல. பி0118 என்றால் கூலன்ட் சென்சாரின் சிக்னல் வயரில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது, அவ்வளவுதான். சென்சார் கெட்டாலும், வயர் அறுந்தாலும், கப்ளர் கழன்றாலும் அதே எண்தான் வரும்.

கையில் லைவ் டேட்டா (சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் எண்கள்) காட்டும் ஸ்கேனர், டிஜிட்டல் மல்டிமீட்டர், மெல்லிய குண்டூசி இரண்டு, உப்புத்தாள், அந்த மாடலுக்கான வயரிங் படம் இருக்கட்டும்.

1. எழுதி வையுங்கள், அழிக்காதீர்கள்

எல்லா கோடையும், ஃப்ரீஸ் ஃப்ரேமையும் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் என்ஜின் சூடு, ஆர்பிஎம், லோடு எவ்வளவு என்பது அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஸ்கேனருக்கு உயிரே வரவில்லையா? 16 பின் சாக்கெட்டில் 16ஆம் பின்னில் பேட்டரி வோல்டேஜும், 4, 5ஆம் பின்களில் எர்த்தும் இருக்க வேண்டும். பல வண்டிகளில் இதற்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃபியூஸ். சாக்கெட்டே வேறு வடிவம் என்றால் வண்டி ஓபிடி 2 என்ற பொதுவான சோதனை முறைக்கு முந்தையது (அமெரிக்காவில் அது 1996 மாடலிலிருந்து கட்டாயமானது). அப்படிப்பட்ட பல வண்டிகளில் இரண்டு பின்களை இணைத்து, செக் என்ஜின் விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணிக் கோடைப் படிப்பார்கள். எந்த இரண்டு பின் என்று சர்வீஸ் மேனுவலைப் பார்த்த பிறகே கை வையுங்கள். தவறாக இணைத்தால் ஈசியு (என்ஜினை இயக்கும் கணினி) போய்விடலாம்.

2. பேட்டரி, எர்த்

பலர் தாண்டிப் போகும் இடம் இது. பாதிப் புதிர் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் என்ஜினில் பேட்டரி முனைகளில் பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர் டையோடைச் சந்தேகிக்கலாம். அந்த இரைச்சல் சென்சார் சிக்னலோடு கலந்து ஈசியுவைக் குழப்பும்.

அடுத்து எர்த். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் தண்டிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத் தண்டிலேயே) மறுமுனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் அழுத்திப் பிடித்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, களிம்பும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். இதை ஓம் மீட்டரால் பார்த்து ஏமாறாதீர்கள்: நைந்துபோன எர்த் வயரில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். கரன்ட் பாயும்போதுதான் குட்டு வெளிப்படும்.

3. 5 வோல்ட் சப்ளை

சாவியை ஆன் செய்து, த்ராட்டில் சென்சார் கப்ளரைக் கழற்றி, ரெஃபரன்ஸ் வயரில் (ஈசியுவிலிருந்து 5 வோல்ட் கொண்டுவரும் வயர்) அளந்து பாருங்கள், 4.9 முதல் 5.1 வரை வர வேண்டும். 2 வோல்ட், 1 வோல்ட் என்று படுத்துக் கிடந்தால், அதே சப்ளையில் இருக்கும் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்த சென்சார் உள்ளே ஷார்ட். எதைக் கழற்றினாலும் திரும்பவில்லை என்றால் வயரைத் தேடுங்கள்.

4. கூலன்ட் சென்சார்: கழற்று, இணை

கப்ளரைக் கழற்றினால் லைவ் டேட்டாவில் சூடு பொதுவாக மைனஸ் 40 டிகிரிக்கு விழும். வயர் பக்கக் கப்ளரின் இரு பின்களை ஒரு துண்டு வயரால் இணைத்தால் 120க்கு மேல் பாயும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியுவும் நலம், சென்சாரைப் பாருங்கள். மைனஸ் 40க்குப் பதிலாக வேறு நிலையான எண் காட்டினால், அது ஈசியு தானாக வைத்துக்கொண்ட மாற்று மதிப்பு. அப்போது கழற்றிய கப்ளரில் 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். இந்த வித்தை இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும். மூன்று வயரில் செய்தால் சப்ளையையே ஷார்ட் செய்துவிடுவீர்கள்.

சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 20 டிகிரி வித்தியாசம் என்றால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. இந்தச் சோதனைகளால் புதிய கோட் பதிவாகும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றலாம், பதற வேண்டாம்.

5. பி0171 வந்தால்

கலவையில் பெட்ரோல் குறைவு என்கிறது ஈசியு. உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவதுதான் வழக்கமான வீண் செலவு. ஃப்யூல் ட்ரிம்மைப் பாருங்கள்; ஈசியு எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ஐட்லிங்கில் பிளஸ் 20, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 5க்கு இறங்குகிறது என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது: வெடித்த வேக்யூம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார்.

எப்போதாவது மட்டும் வந்து போகும் கோட் என்றால், என்ஜின் ஓடும்போது வயர்க் கட்டை ஒரு அடி ஒரு அடியாக ஆட்டி லைவ் டேட்டாவைக் கவனியுங்கள். எண் துள்ளும் இடத்தில் உறையைப் பிரித்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து ஓட்டி, பென்டிங் கோட் (இன்னும் உறுதியாகாத கோட்) இருக்கிறதா என்று பாருங்கள். அழித்தவுடன் ரெடினஸ் மானிட்டர்களும் (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பதிவுகள்) பூஜ்யத்துக்குப் போய்விடும். புகைச் சோதனைக்கு முதல் நாள் இரவு கோடை அழிக்காதீர்கள். அவை மீண்டும் நிரம்பச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம்.