இண்டஸ்ட்ரி என்று எழுதும் முன்: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

"என் மாமா ஓர் இண்டஸ்ட்ரி வைத்திருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நமக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் படித்தால் கொஞ்சம் திகைப்பார், ஏனென்றால் ஒரு துறை மொத்தமும் மாமா கையில் இருப்பதாக அந்த வாக்கியம் சொல்கிறது. நாம் சொல்ல வந்ததோ பத்துப் பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறை. அதற்கு வொர்க்‌ஷாப், ஃபேக்டரி, பிசினஸ் என்று வேறு சொற்கள் இருக்கின்றன. ஒரே வகைப் பொருளையோ சேவையையோ தருகிற எல்லா நிறுவனங்களையும் மொத்தமாகச் சேர்த்துச் சொல்லும் பெயர்தான் இண்டஸ்ட்ரி. கம்பெனி அதற்குள் ஒன்று, அவ்வளவுதான். கம்பெனிகள் தங்கள் பெயருக்குப் பின்னால் 'இண்டஸ்ட்ரீஸ்' என்று ஒட்டிக்கொள்வதாலும் இந்தக் குழப்பம் கூடுகிறது, ஆனால் அது பெயர், பெயரில் யார் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

உண்மையில் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, நம்முடைய 'தொழில்' என்ற சொல்லில் இருக்கிறது. "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் தச்சு வேலை என்றும் பதில் வரலாம், வக்கீல் என்றும் வரலாம், கடை வைத்திருக்கிறேன், ஆலை நடத்துகிறேன் என்றும் வரலாம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல் போதும். ஆங்கிலக்காரர்கள் இதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தச்சு, கொத்து, பிளம்பிங் மாதிரி கையால் கற்றுச் செய்வது டிரேடு. படித்துப் பட்டம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் வழக்கறிஞர் பணியும் புரொஃபஷன். லாபத்துக்காக நடத்துவது பிசினஸ். படிவத்தில் 'இண்டஸ்ட்ரி' என்று கேட்டிருந்தால் உங்கள் வேலையின் பெயரைப் போடாதீர்கள், நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனம் எந்தத் துறை என்றுதான் கேட்கிறார்கள். மருத்துவமனையில் கணக்கு எழுதுபவருக்கு அந்தக் கட்டத்தில் வர வேண்டியது ஹெல்த்கேர், அக்கவுண்டன்ட் இல்லை.

சரி, இதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது, நானே அதில் விழுந்திருக்கிறேன். அமெரிக்க அறிஞரும் தலைவருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தனக்காக வகுத்துக்கொண்ட 13 நற்பண்புகளில் ஆறாவது 'இண்டஸ்ட்ரி'. முதன்முதலாக அந்தப் பட்டியலைத் தமிழாக்கியபோது அடக்கம், ஒழுங்கு, சிக்கனம் எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, அந்த வரிசையில் 'தொழில்துறை' என்று போட்டேன். ஒரு மனிதனுக்குத் தொழில்துறை எப்படி நற்பண்பாகும் என்று அப்போது உறைக்கவே இல்லை! அங்கே அதற்குப் பொருள் சோம்பாத உழைப்பு. சொல்லின் மூத்த பொருளே இதுதான், லத்தீன் 'இண்டஸ்ட்ரியா' முயற்சியையும் ஊக்கத்தையும் குறித்தது, ஆலையும் புகைபோக்கியும் பின்னால் வந்து சேர்ந்தவை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் முழக்கமும் இந்த ஒரே சொல்தான், பக்கத்தில் தேன்கூட்டுச் சின்னம், ஆக அவர்கள் சொல்வது ஆலைகளைப் பற்றியில்லை, தேனீயின் சுறுசுறுப்பைப் பற்றி. 1776-இல் வந்த ஆடம் ஸ்மித்தின் பொருளாதார நூலிலும் மக்களின் உழைப்பு என்ற பொருளில் இந்தச் சொல் அடிக்கடி வரும், அங்கெல்லாம் 'தொழில்துறை' என்று வைத்துப் படித்தால் வாக்கியமே நொண்டும். அடையாளம் எளிது: ஒரு ஆளின் குணமாக வந்தால் உழைப்பு, ஊக்கம், பழைய தமிழில் ஆள்வினை. இந்தப் பொருளில் வரும்போது பன்மையும் கிடையாது, முன்னால் 'ஒரு' என்று பொருள்படும் 'ஆன்' (an) போடவும் கூடாது.

இந்த இரண்டு பொருளும் தனித்தனியாக ஒவ்வொரு பெயரடை பெற்றிருக்கின்றன. உழைப்பின் பக்கம் இண்டஸ்ட்ரியஸ், ஆலையின் பக்கம் இண்டஸ்ட்ரியல். மாணவரை இண்டஸ்ட்ரியல் என்றால் ஏதோ ஆலையில் செய்து இறக்கிய மாணவர் போல ஆகிவிடும். நகரத்தை இண்டஸ்ட்ரியஸ் என்றால் அங்கே ஆலைகள் நிறைய என்று பொருளில்லை, ஊர்க்காரர்கள் கடும் உழைப்பாளிகள் என்று ஆகும். அப்புறம், வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஆம் இண்டஸ்ட்ரியஸ்' என்று எழுதுவது இலக்கணப்படி சரிதான், ஆனாலும் நான் எழுத மாட்டேன். இன்றைய காதுக்கு அது பழைய பள்ளிச் சான்றிதழ் மொழி, ஹார்ட்வொர்க்கிங் என்பதே போதும்.

இண்டஸ்ட்ரியலிஸ்ட் என்பதையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். நாம் தொழிலதிபர் என்று நகைக்கடைக்காரரையும் சொல்வோம், வீடு மனை விற்பவரையும் சொல்வோம். ஆங்கிலத்தில் பெரிய ஆலைகளை வைத்து உற்பத்தி செய்பவருக்குத்தான் அந்தப் பெயர். மற்றவர்கள் பிசினஸ்மேன், பிசினஸ்வுமன். புதிதாக ஒன்றைத் தொடங்கி அதன் நட்டத்தையும் தலையில் ஏற்றுக்கொள்பவர் ஆந்த்ரப்ரனர், நம் தொழில்முனைவோர்.

ஃபேக்டரி என்றதும் தொழிற்சாலை என்று எழுதிவிடுவது இன்றைய செய்திக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்தில் ஃபேக்டரி வைத்தது என்று படித்துவிட்டு அங்கே இயந்திரம் ஓடியதாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பெனியின் வணிக முகவருக்கு அன்று ஃபேக்டர் என்று பெயர், அவர் தங்கி, சரக்கு வாங்கி, அடுக்கி வைத்த இடம் ஃபேக்டரி. பண்டகசாலை என்பதே அதற்குப் பொருந்தும். கனடாவில் ஹட்சன் விரிகுடா ஓரத்தில் இருந்த யார்க் ஃபேக்டரியும் இதே கதைதான், அது விலங்குகளின் ரோமத்தோல் வாங்கும் வணிக நிலையம். மேனுஃபேக்சர் இன்னும் வேடிக்கை, கையால் செய்வது என்று பொருள்படும் லத்தீன் வேர்களிலிருந்து வந்த சொல், இன்றைக்கு இயந்திரத்தால் குவிப்பதைக் குறிக்கிறது.

எல்லா ஆலையும் ஃபேக்டரி இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சுத்திகரிப்பது ரிஃபைனரி, கப்பல் கட்டுவது ஷிப்யார்டு, உலோகம் வார்ப்பது ஃபவுண்டரி, தோல் பதனிடுவது டேனரி, காகிதத்துக்கும் எஃகுக்கும் மில். மின்சாரத்துக்கு பிளான்ட், இதை 'மின் செடி' என்று எழுதி வைத்த மொழிபெயர்ப்பையும் பார்த்தாயிற்று.

செய்தி மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் வழுக்குவது கூட்டுச் சொற்களில். 'இண்டஸ்ட்ரியல் ஆக்‌ஷன்' என்றால் தொழில் வளர்ச்சி நடவடிக்கை என்று எழுதிவிடுகிறார்கள், அதாவது நேர் எதிராக. பிரிட்டன் வழக்கில் அது தொழிலாளர்களின் வேலைநிறுத்தம், இல்லாவிட்டால் மெதுவாக வேலை செய்யும் போராட்டம். 'டிரேடு யூனியன்' வணிகர் சங்கம் ஆகாது, தொழிற்சங்கம். 'பிரைமரி இண்டஸ்ட்ரி' என்பதற்கு 'முக்கியமான தொழில்' என்று பொருளில்லை, வேளாண்மை, மீன்பிடிப்பு, சுரங்கம் மாதிரி இயற்கையிலிருந்து நேராக எடுப்பவை. 'ஹெவி இண்டஸ்ட்ரி' எஃகு, கப்பல் கட்டுதல் போன்ற கனரகத் தொழில். 'காட்டேஜ் இண்டஸ்ட்ரி' குடிசைத் தொழில்தான், ஆனால் ஒரு பிரபலத்தைச் சுற்றி ஆளாளுக்கு வதந்தி கிளப்பிப் பிழைப்பதையும் ஆங்கிலத்தில் கிண்டலாக அப்படிச் சொல்வார்கள், அங்கே குடிசையைக் கொண்டுவராதீர்கள்.

பொருளாதாரப் புள்ளிவிவரம் என்றால் இன்னும் கவனம். உலக வங்கியின் அட்டவணையில் வரும் இண்டஸ்ட்ரிக்குள் உற்பத்தி மட்டுமில்லை, சுரங்கமும் கட்டுமானமும் மின்சாரமும் தண்ணீரும் எரிவாயுவும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த எண்ணைத் தூக்கி 'ஆலை உற்பத்தி' என்று தலைப்பிட்டால் செய்தியே தப்பாகிவிடும். அதே சொல் 'டூரிசம் இண்டஸ்ட்ரி' என்று வரும்போது இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அங்கே வெறுமனே துறை.

கடைசியாக உச்சரிப்பு. நம்மில் பலர் இண்டஸ்ட்ரியில் 'டஸ்' என்ற இடத்தை அழுத்துகிறோம். அழுத்தம் விழ வேண்டியது முதல் அசையில், 'இன்' என்பதில். இண்டஸ்ட்ரியலுக்கும் இண்டஸ்ட்ரியஸுக்கும் மட்டும் அது இரண்டாவது அசைக்கு, அந்த 'டஸ்'ஸுக்கு, நகர்ந்துவிடும். அகராதியில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.