சொட்டுகிற வியர்வை குளிர்விக்காது: புழுக்கத்தில் நெடுந்தூர ஓட்டமும் சைக்கிளும்

60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடினால், ஒரு மணி நேரத்தில் சுமார் 600 கிலோகலோரி எரிகிறது. அதில் பெரும்பங்கு சூடாகத்தான் உடம்பில் சேர்கிறது. சைக்கிளிலும் பெடலுக்குப் போய்ச் சேர்வது கால் பங்கைத் தாண்டாது, மிச்சமெல்லாம் சூடுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோகலோரியை எடுத்துப் போகும். கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அது முழுதாக ஆவியானால்தான்.

புழுக்கமான காற்றில் வியர்வையில் பாதி ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டும், காலில் வழிந்து ஷூவுக்குள் இறங்கும். அப்படிச் சொட்டியதால் உடம்பு குளிராது. அதே குளிர்ச்சியைப் பெற இப்போது 2 லிட்டர் வியர்க்க வேண்டும். குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சுவதோ பெரும்பாலோருக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான். இந்த இடைவெளியை எந்தப் பானமும், உப்பு மாத்திரையும், தொப்பியும் அடைத்துவிடாது. சூட்டை உண்டாக்குவதையே குறைக்க வேண்டும், அதாவது வேகத்தைக் குறைக்க வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குத் துணைதான்.

ஈரப்பத சதவீதத்தை நம்பாதீர்கள்

விடிகாலையில் வானிலைச் செயலி 90 சதவீத ஈரப்பதம் காட்டும், பலர் அதைப் பார்த்து மிரண்டுபோவார்கள். காலை 26 டிகிரியில் 89 சதவீதமும், அதே நாள் மதியம் 34 டிகிரியில் 56 சதவீதமும் காற்றில் இருக்கும் நீராவியின் அளவில் ஒன்றுதான். இரண்டிலும் டியூ பாயின்ட், அதாவது காற்றில் இருக்கும் நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி. வியர்வை எவ்வளவு எளிதாக ஆவியாகும் என்பதை இந்த எண்தான் சொல்லும். காலையில் இதே ஈரத்தோடு காற்று குளுமையாக இருக்கும், வெயிலும் இருக்காது. அதனால் சதவீதம் எவ்வளவு காட்டினாலும் விடிகாலையே நல்லது.

டியூ பாயின்ட் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 18-ஐத் தாண்டினால் உடம்புக்குத் தெரியும். 21-க்கு மேல் வேகப் பயிற்சிகளைச் சுருக்குங்கள். 24-க்கு மேல் போனால் அன்று நிதானமாக ஓடும் நாள் என்று முடிவு செய்துவிடுங்கள்.

காற்றின் திசையையும் பாருங்கள். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடும்போது பின்னாலிருந்து காற்றும் அதே வேகத்தில் வந்தால், உங்கள் தோலின் மேல் காற்றே அசையாது. போய்த் திரும்பும் பாதையானால், எதிர்க்காற்றுள்ள பாதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் 30 கி.மீ. வேகத்தில் போகும்வரை புழுக்கம் தெரியாது. மேடு ஏறும்போது வேகம் 10-க்கு இறங்கும், உழைப்போ கூடும். சூடு தலைக்கேறுவது அங்கேதான். நீண்ட ஏற்றம் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே குடித்து, தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் கருவியில், மிதிப்பவர்களுக்கு இந்தக் காற்றுகூட இல்லை. இருபது நிமிடத்தில் பாயில் குளம் கட்டும். அது கடுமையாக உழைத்ததற்கு அடையாளம் அல்ல, குளிர்விக்காமல் வீணான வியர்வை. நெஞ்சுக்கு நேரே ஒரு பெரிய விசிறியை வையுங்கள். உடம்பு வியர்த்த பிறகல்ல, மிதிக்கத் தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். ஹேண்டில்பாரில் ஒரு துண்டைப் போர்த்துங்கள். ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட்டிலும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளிலும் உப்பு வியர்வை இறங்கித் துருப்பிடிக்க வைக்கும், அது வெளியே தெரியும்போது போல்ட்டின் தலை தேய்ந்திருக்கும்.

வேகம்

கடிகாரத்தில் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை, பார்ப்பதை விட்டு இதயத் துடிப்பைப் பாருங்கள். வெப்பத்தில் ரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். வியர்க்க வியர்க்க ரத்தத்தின் அளவும் குறையும். அதனால் ஒரே வேகத்தில் ஓடினாலும் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். வழக்கமான நிதான ஓட்டத்தில் துடிப்பு 140 என்றால், புழுக்க நாளிலும் அதே 140-ல் இருங்கள், வேகம் எவ்வளவுக்கு இறங்கினாலும் இறங்கட்டும். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுபவர் 6:30 அல்லது 6:45-ல் தொடங்கினால் கடைசிவரை தாக்குப்பிடிப்பார். 6:00-ல் தொடங்கினால் பாதியிலேயே நடக்க வேண்டிவரும். ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே பிரித்துக்கொள்வதும் நல்ல வழி. தள்ளாடிய பிறகு நடப்பதில் பயனில்லை.

2019-ல் தோஹா உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மராத்தானை நள்ளிரவில் நடத்தினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. உலகின் தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கே இந்த நிலை.

உடம்பைப் பழக்குதல்

போட்டி வெப்பத்தில் என்றால், 10 முதல் 14 நாள் வரை தினமும் 60–90 நிமிடம் வெப்பத்தில் நிதானமாக ஓடுங்கள் அல்லது மிதியுங்கள். நான்கைந்து நாளிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, துடிப்பு இறங்கும். பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறையும். முதல் மூன்று நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். அந்த நாட்களில் வேகப் பயிற்சியைச் சேர்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் ஓட்டம் முடிந்ததும் 40 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு 20 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடம்வரை உட்காரலாம். ஆறு நாள் தொடர்ந்தால் பலன் தெரியும். தனியாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். எழும்போது மெதுவாக எழுங்கள், தலை சுற்றும். விட்டுவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் இந்தப் பழக்கத்தில் பெரும்பகுதி போய்விடும்.

எவ்வளவு குடிப்பது

ஊகிக்க வேண்டாம், எடை போடுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன் உடையில்லாமல் எடை 62.4 கிலோ. முடித்து, வியர்வையைத் துடைத்து, மறுபடி பார்த்தால் 61.3. நடுவில் குடித்தது அரை லிட்டர், சிறுநீர் போகவில்லை. ஆக வியர்த்தது 1.1 + 0.5 = 1.6 லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு 3.2 லிட்டர். எடையில் 2 சதவீதம்வரை, அதாவது சுமார் 1.2 கிலோ குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மீதி 2 லிட்டரை இரண்டு மணி நேரத்தில் பரப்பிக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை 250 மி.லி. இந்தச் சோதனையை வெவ்வேறு வெப்ப நாட்களில் மூன்று முறை செய்து குறித்துவையுங்கள், ஒரே எண் எல்லா நாளுக்கும் பொருந்தாது.

வயிற்றில் குலுங்குகிறது என்றால் பானம் கெட்டியாக இருக்கலாம், அல்லது வேகம் மிஞ்சிக் குடலுக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். ஒரு லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரைப் பொருளுக்கு மேல் கலக்காதீர்கள். உப்பில் கால் டீஸ்பூன், ஏறக்குறைய 1.5 கிராம், லிட்டருக்குப் போட்டால் 590 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். உடை காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு விழுகிறவர்கள் இதை இரட்டிப்பாக்கலாம். கடையில் வாங்கும் மாத்திரையின் உறையில் சோடியம் என்று போட்டிருக்கிறதா, உப்பு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிராம் உப்பில் சோடியம் 0.4 கிராம்கூட இல்லை.

அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் இருக்கும் சோடியம் நீர்த்துவிடும். 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். முடிவில் எடை கூடியிருக்கிறது, விரல் மோதிரம் இறுகுகிறது, குமட்டுகிறது என்றால் மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

பனிக்கட்டி, உடை

மெல்லிய நைலான் ஸ்டாக்கிங்கில் ஒரு கைப்பிடி பனிக்கட்டியைப் போட்டு முடிச்சிட்டு, கழுத்துக்குப் பின்னால் ஜெர்சிக்குள் வையுங்கள். கால் மணி நேரம் தாங்கும். உருகும் நீர் முதுகு வழியாகச் சைக்கிள் ஷார்ட்ஸின் பேடுக்குள் இறங்கினால் சீட்டில் உரசிப் புண்ணாகும், பேடில் முன்கூட்டியே உராய்வுக் கிரீம் தடவிக்கொள்ளுங்கள். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீரை ஊற்றி, ஃபிரீசரில் சாய்த்து வைத்து உறையவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் அடியில் கட்டியாகித் தங்கிவிடும், சாய்த்தால் பக்கவாட்டில் நீண்டு படிந்து சீக்கிரம் குளிர் தரும். புறப்படும்போது மீதியை நிரப்பினால் போதும்.

தலையில் ஊற்றும் நீர் முழங்காலைத் தாண்டி ஷூவுக்குள் போகாமல் முன்னால் குனிந்து ஊற்றுங்கள், நனைந்த சாக்ஸ் கொப்புளத்தில்தான் முடியும். முழுத் தொப்பியைவிட நெற்றியை மட்டும் மறைக்கும் வைசர் மேல். முதுகுப் பையில் தண்ணீர் சுமந்தால் வியர்வை ஆவியாக வேண்டிய முதுகு மூடிவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கையில் பிடிக்கும் பாட்டிலே போதும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று ஓடவே வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு.

ஒருவர் தள்ளாடினால்

குளிர்கிறது என்று மயிர்க்கூச்செறிவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, கோணல்மாணலாக ஓடுவது. இதில் எது கண்ணில் பட்டாலும் நிறுத்துங்கள். வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று எண்ணாதீர்கள். ஓட்டத்தில் வரும் வெப்பத் தாக்கில் பலர் வியர்வையோடுதான் விழுவார்கள். நெற்றி, காது வெப்பமானிகள் ஓட்டத்துக்குப் பின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

குழப்பம் இருந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் குளிர்வியுங்கள். தொட்டியில் பனிக்கட்டி நீர் நிரப்பிக் கழுத்துவரை இறக்குங்கள், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாத நீர் உடம்பைச் சுற்றிச் சூடாகி நின்றுவிடும். தொட்டி இல்லையென்றால் பனிநீரில் நனைத்த துண்டுகளால் உடம்பு முழுவதையும் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், விசிறுங்கள். விழுந்த அரை மணி நேரத்துக்குள் உடம்புச் சூடு 39-க்குக் கீழே வந்துவிட வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தேறிவிட்டாலும் குறைந்தது ஒரு வாரம் பயிற்சி வேண்டாம், பிறகும் மருத்துவர் சரி சொன்ன பின்னரே தொடங்க வேண்டும்.