உவரிக் காற்றும் வேன் கனெக்டரும்

எங்களுடையது பழைய வேன். உள்ளே கட்டில், சிங்க், 12 வோல்ட் விளக்கு எல்லாம் உண்டு. உவரிக் கடற்கரையில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பும்போது விளக்குகள் மங்கின, தண்ணீர் மோட்டார் முக்கியது. பேட்டரி போச்சு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பாளையங்கோட்டை வந்ததும் தண்ணீர் மோட்டாரை ஓடவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் அளந்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட், மோட்டார் முனையில் 10.3. ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது கெட்ட இணைப்பும் முழு வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். சரி, 2 வோல்ட் வழியில் எங்கேயோ சூடாகப் போகிறது. கம்பிகளை இணைக்கும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். சிங்க்குக்கு அடியில் ஒன்று சுட்டது. பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக் காற்றின் வேலை.

உப்புத்தாளால் தேய்த்தால் சில நாள் ஓடும், ஆனால் தளர்ந்த பிடி இறுகாது. அதனால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, செம்பு பளபளக்கும் வரை கம்பியை வெட்டினேன். கறுப்பு நான்கு விரற்கடை உள்ளே ஏறியிருந்தது! கம்பி நுனியில் மாட்டும் உலோக முனையான லக் ஒன்றைப் புதிதாக வைத்து, அதை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் பிளையரால் நசுக்கி, பலமாக இழுத்துப் பார்த்தேன். அப்புறம் சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். நெகட்டிவ் கம்பியை வேன் பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டையும் சுரண்டி இறுக்கினேன்.

இப்போது மோட்டார் முனையில் 12.1. பேட்டரி அதே பழைய பேட்டரிதான்.