செட்டிநாட்டு வீட்டை இடிக்கும் முன் அதன் வரலாற்றைப் பதிவு செய்வது எப்படி?

பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று, வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், ஒரு சாமான் நகர்வதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். நிலையும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டால் அப்புறம் அவை வெறும் பர்மா தேக்குதான், எந்த ஊர், யார் வீடு, வீட்டின் எந்தப் பகுதியில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் வரைபடம். திண்ணை, முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தெருவாசலில் இருந்து பின்வாசல் வரை நடந்து ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண் கொடுங்கள். வளவை அளக்கும்போது நீள அகலத்தோடு மூலைக்கு மூலை குறுக்களவும் எடுத்தால்தான், சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் படம் சரியாக வரும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் எது எந்தப் புள்ளிக்கு உரியது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, ஆளுக்கு ஓர் அறை என்பதால், அறைக் கணக்கே குடும்பக் கணக்கு.

படம் எடுக்கும்போது சுவருக்கு நேர் எதிரே நில்லுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். நிலைக்கு மேலே உள்ள கஜலட்சுமிக்கு முன்னால் இருந்து ஃபிளாஷ் அடித்தால் செதுக்கல் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் உளி போன தடம்கூடத் தெரியும். சுவரில் பென்சிலால் எழுதிய பழைய கணக்கும் இப்படித்தான் கண்ணில் படும். பூப்போட்ட சுவர் ஓடு ஏதாவது தானாகப் பெயர்ந்திருந்தால் திருப்பிப் பாருங்கள், ஜப்பானில் செய்தது என்றால் கம்பெனி முத்திரை பின்பக்கம் இருக்கக்கூடும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஒன்றை மட்டும் படம் எடுக்காமல், கோலம் முழுசாகத் தெரிகிற அளவு சேர்த்து எடுங்கள்.

காகிதங்களில் பொறுமை வேண்டும். காகிதக் கட்டுகளின் வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் வேண்டவே வேண்டாம். கடிதத் தலைப்பில் குடும்பத்தின் விலாச எழுத்துகளும் (கடையை அடையாளம் காட்டும் முதலெழுத்துகள்), ரங்கூனோ பினாங்கோ கடை இருந்த ஊரும் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் பழைய நூல்களையும் காகிதங்களையும் விடாமல் சேர்த்து வைத்ததால்தான் 1994-ல் சென்னையில் அவர் பெயரில் நூலகமே உருவானது. யாரும் மதிக்காத கல்யாண அழைப்பிதழையும் தூக்கிப் போடாதீர்கள். பத்திரங்களுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். மிகப் பழைய பதிவுகள் இணையத்தில் கிடைக்காமல் போகலாம், அவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும்.

அப்புறம் ஆச்சிமார்களிடம் போய் உட்காருங்கள். வீடு எப்போது கட்டியது என்று கேட்டால் “அந்தக் காலத்தில்” என்றுதான் பதில் வரும், அதனால் இந்த வீட்டில் முதலில் நடந்த கல்யாணம் யாருடையது, அப்போது அப்பத்தாவுக்கு என்ன வயது என்று கேளுங்கள். தமிழ் வருஷப் பெயர் கிடைத்தால் எச்சரிக்கை தேவை: பிரபவ என்றால் 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். கடிதத்தையும் பத்திரத்தையும் வைத்து எது என்று முடிவு செய்யுங்கள்.

வீடு ஏன் போனது என்பதை எழுதும்போது “வசதி குறைந்துவிட்டது” என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள், பெரும்பாலோர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, பர்மாவில் செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாக வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை வந்தது, 1948-ல் பர்மா அரசின் நில தேசியமயச் சட்டம், 1963-ல் அங்கிருந்த வங்கிகளும் அரசிடம் போயின. உங்கள் குடும்பம் இதில் எந்த இடத்தில் அடிவாங்கியது என்று கடிதங்களில் தேடுங்கள். அதற்குப் பிறகு நடந்ததை வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு கூரைச் சரிவு சேரும் கூடல்வாயில் ஓடு உடைந்து, மழைநீர் இறங்கி, கீழே உள்ள விட்டம் இற்றுப் போயிருக்கும். ஓட்டை மாற்றச் செலவு சின்னதுதான், ஆனால் பங்கு பல கைகளுக்குப் பிரிந்த பிறகு அதை யார் கொடுப்பது? கடைசியாக ஓடு மாற்றியது எந்த வருஷம், யார் செலவில் என்று விசாரித்து எழுதுங்கள், வீட்டின் கதை திரும்பிய இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்துவிட்டதே, இனி இடிக்க முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். அந்தப் பட்டியல் ஒருவரின் சொந்த வீட்டை இடிக்க விடாமல் தடுக்காது. விற்பது உறுதியாகிவிட்டால், கழற்றும் நாளில் கூடவே நில்லுங்கள். ஒவ்வொரு தூணிலும் கதவிலும் உங்கள் வரைபட எண்ணைச் சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்து, யார் வாங்கினார், எந்த ஊருக்குப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பூச்சில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு, எல்லா அடுக்கும் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள். முடிந்ததும் படங்கள், வரைபடம், பேட்டி எல்லாவற்றையும் ஒவ்வொரு பங்காளி வீட்டுக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள், ஒரே ஆளின் போனில் மட்டும் இருக்க வேண்டாம்.