ஹிப்னாசிஸ் செஷனில் எதிர்பாராதது நடந்தால் என்ன செய்வது? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

ஹிப்னாசிஸ் வழியாகச் செய்யும் சிகிச்சையான ஹிப்னோதெரபியைக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஒருவரை எப்படி ஆழ்நிலைக்கு, அதாவது உடல் தளர்ந்து கவனம் உள்ளே குவிந்த ஹிப்னாசிஸ் நிலைக்கு, கொண்டுபோவது என்றுதான். பயிற்சி எடுத்தால் அது வந்துவிடும். ஆனால் ஆழ்நிலையில் இருப்பவர் திடீரென்று தேம்பி அழுதால், சிரித்தால், குறட்டை விட்டால், கண்ணைத் திறக்கச் சொன்ன பிறகும் அப்படியே படுத்திருந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் செஷன் நடத்தக் கூடாது. என்னைக் கேட்டால், வெளியே கொண்டுவரக் கற்றுக்கொண்ட பிறகுதான் உள்ளே கொண்டுபோகவே கற்க வேண்டும்.

படி 1: நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்

பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும். வலிப்பு நோய் உண்டா, மனநோய்க்கு சிகிச்சை எடுக்கிறாரா, இல்லாத குரல்கள் கேட்டதுண்டா, சமீபத்தில் பெரிய அதிர்ச்சி எதையாவது சந்தித்தாரா என்று கேளுங்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால், அவருக்கு சிகிச்சை தரும் மருத்துவரைக் கலந்துபேசாமல் தொடங்காதீர்கள். அப்புறம், பயங்களைக் கேளுங்கள். தண்ணீரைக் கண்டால் நடுங்குபவரிடம் போய் கடற்கரையில் நடப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னால் செஷன் அங்கேயே உடைந்துவிடும், லிஃப்டும் இருட்டான படிக்கட்டும் அப்படித்தான்.

இன்னும் இரண்டு வேலை இருக்கிறது. "எப்போது வேண்டுமானாலும் நீங்களே கண்ணைத் திறந்து நிறுத்தலாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் விழித்திருக்கும்போதே, பாதுகாப்பாக உணரும் ஓர் இடத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை மனதில் பார்க்கப் பழக்கிவிடுங்கள். நடுவில் புயல் அடித்தால் திரும்பி வர அந்த இடம் வேண்டும்.

படி 2: நடந்தது எந்த வகை என்று பாருங்கள்

எதிர்பாராதது நடந்ததும் ஒரு மூச்சு எடுத்துவிட்டு, குரலை மாற்றாமல், "இப்போது உங்களுக்கு என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். ஹிப்னாசிஸில் இருப்பவர் பேச முடியும், பதில் சொல்ல முடியும். பல புதியவர்கள் இதை மறந்துவிட்டு முகத்தைப் பார்த்தே ஊகிக்கிறார்கள்.

இமை துடிப்பது, விரல் சட்டென்று உதறுவது, வயிறு சத்தமிடுவது, கண்ணோரம் நீர் கசிவது, இதெல்லாம் உடல் தளரும்போது சாதாரணமாக வருவது. இருமினால் இருமட்டும். சிரிப்பு வந்தாலும் அப்படியே, அது பெரும்பாலும் கூச்சம் அல்லது பதற்றம், "சிரிப்பு வருகிறதா, வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். கண்ணைத் திறந்துவிட்டால் குற்றம் எதுவும் நடந்துவிடவில்லை, திறந்த கண்ணோடு சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லித் தொடரலாம்.

ஓய்வெடுக்கச் சொன்னதாலேயே பதற்றம் கூடுபவர்களும் உண்டு. மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் அவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். இவர்களிடம் "இன்னும் தளர்த்துங்கள்" என்று வற்புறுத்தினால் நிலைமை மோசமாகும். மூச்சை விட்டுவிட்டு, தரையில் பதிந்திருக்கும் பாதத்தையோ அறையில் கேட்கும் சத்தத்தையோ கவனிக்கச் சொல்லுங்கள்.

வலிப்பு, நெஞ்சுவலி, ஒரு பக்கம் செயலிழப்பது போன்றவை வேறு கணக்கு. செஷனை அந்த நொடியே விட்டுவிட்டு மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்.

படி 3: அழுகையும் உணர்ச்சி வெடிப்பும்

இதைத்தான் அப்ரியாக்‌ஷன் என்கிறார்கள். அடக்கி வைத்திருந்த உணர்ச்சி மொத்தமாக மேலே வருகிறது, அழுகையாக, நடுக்கமாக, சில நேரம் அலறலாக.

செய்யக் கூடாதவை முதலில். "அழாதீர்கள்" என்று சொல்லாதீர்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்துத் தொடாதீர்கள், அவர் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியில் யாரோ ஒருவருடைய கையாக உங்கள் கை மாறிவிடலாம். பயந்துபோய் "சரி, எழுந்திருங்கள்" என்று சட்டென்று முடித்தால், அந்த உணர்ச்சி பாதியில் தொங்க, அவர் கலங்கிப்போய் வெளியே வருவார்.

குரலைத் தாழ்த்தி, மெதுவாக, இப்படிச் சொல்லலாம்: "நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். நீங்கள் இந்த அறையில், இந்த நாற்காலியில் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். அழுகை வந்தால் வரட்டும். அந்தக் காட்சி மட்டும் மங்கிக்கொண்டே போகட்டும்." காட்சி விலகியதும் படி 1இல் பழக்கிய பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போங்கள். அழுகை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு நிதானமாக வெளியே கொண்டுவாருங்கள். அவர் இன்னும் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தால் கண்ணைத் திறக்கச் சொல்லி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

அந்த உணர்ச்சிக்குள் மேலும் தோண்டலாமா? மனநல சிகிச்சையில் முறையான தகுதி இல்லையென்றால் கூடாது. அதுவும் "அங்கே யார் இருந்தார், உங்களை என்ன செய்தார்?" போன்ற கேள்வி கூடவே கூடாது, கேள்வியே விடையை விதைத்துவிடும். 1995இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையை 24 பேரிடம் கொடுத்தபோது, ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ ஓரளவோ தங்கள் நினைவாகவே சொன்னார்கள். அதில் ஹிப்னாசிஸே இல்லை. ஹிப்னாசிஸில் எழும் நினைவுகள் சாதாரண நினைவைவிட நம்பகமானவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கமும் 1985இல் அறிக்கை தந்தது. கிளையண்ட் ஏதாவது சொன்னால் கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். உண்மை என்றோ பொய் என்றோ தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

படி 4: எழுந்திருக்கவில்லை என்றால்

ஹிப்னாசிஸில் யாரும் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்வதில்லை. நீங்கள் அறையை விட்டுப் போனாலும் தானாகவே விழித்துக்கொள்வார், அல்லது தூங்கி எழுவார். இதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும், உங்கள் பதற்றம் குரலில் அவருக்குக் கேட்கும்.

ஒரு விரலை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். உயர்த்தவில்லை, மூச்சும் குறட்டையாக இருக்கிறது என்றால் தூங்கிவிட்டார், பெயர் சொல்லிச் சற்று உரக்கக் கூப்பிடுங்கள். அப்படியும் எழுப்பவே முடியவில்லை என்றால் அதை ஹிப்னாசிஸ் என்று எண்ணி உட்கார்ந்திருக்காமல் மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். விரல் உயர்ந்தால் விழிப்போடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அந்தச் சுகத்தை விட மனமில்லை, அவ்வளவுதான். "வெளியே வர ஏதாவது தடையாக இருக்கிறதா?" என்று கேட்டு, இரண்டு நிமிடம் கொடுத்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை தெம்பான குரலில் எண்ணுங்கள். இப்போதே எழாவிட்டால் இனி இந்த நிலை உங்களுக்குக் கிடைக்காது என்று மிரட்டி எழுப்பும் ஒரு பழைய உத்தி இன்னும் சொல்லித்தரப்படுகிறது. வேலை செய்யலாம், ஆனாலும் நம்பி வந்தவரை மிரட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

படி 5: கண் திறந்த பிறகு

"கை கனக்கிறது" போன்ற சஜஷன் (ஆழ்நிலையில் இருப்பவரிடம் நீங்கள் சொல்லி உணர வைப்பது) எது கொடுத்திருந்தாலும் அதை வாய்விட்டு ரத்து செய்யுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு, மந்தம் இருந்தால் ஒருமுறை மறுபடி கண்ணை மூடச் சொல்லி, இன்னும் மெதுவாக எண்ணி வெளியே கொண்டுவாருங்கள். முழுத் தெளிவு வரும்வரை வண்டி ஓட்ட விடாதீர்கள்.

உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக அனுப்பாதீர்கள், அவர் நம்பும் ஒருவரையும் மனநல மருத்துவரையும் அப்போதே தொடர்புகொள்ளுங்கள்.

அழுதுவிட்டுப் போனவருக்கு மறுநாள் ஒரு போன் செய்யுங்கள். என்ன சொன்னீர்கள், என்ன நடந்தது, எப்படி முடித்தீர்கள் என்று அன்றைக்கே எழுதிவைத்து, உங்களுக்குப் பயிற்சி தருபவரிடம் காட்டிவிட்டு அடுத்த செஷனை முடிவு செய்யுங்கள்.