எலுமிச்சையை முகர்ந்துவிட்டு அம்பரை வாங்காதீர்கள்

நாகர்கோவிலில் சென்ட் கடை வைத்துப் பல வருஷம் ஆகிறது. சிட்ரஸ் அம்பர் வகை சென்ட், அதாவது முதலில் எலுமிச்சை வகைப் பழவாசமும் (சிட்ரஸ்) அப்புறம் பிசின் மணமும் (அம்பர்) வருகிற சென்ட், கேட்டு வருகிற பையன்கள், அந்த வயதில் நான் செய்த அதே தப்புகளைச் செய்கிறார்கள். அளவுக்கு மீறி அடிப்பது, சட்டையில் கறையாக்குவது எல்லாம் அவரவரே பட்டுத் திருந்துவது, அதை விட்டுவிடுகிறேன்.

முதல் ஐந்து நிமிடத்தில் பணத்தை எடுப்பது

போன மாதம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி வந்தார். கல்யாண மாப்பிள்ளை. தாள் பட்டையில் அடித்துக் கொடுத்தேன். முகர்ந்ததுமே, "அண்ணாச்சி, நார்த்தங்காயை நகத்தால கீறின மாதிரி இருக்கு. பெரிய பாட்டிலே எடுங்க" என்றார்.

அவர் முகர்ந்தது பெர்கமாட்டும் எலுமிச்சையும். இத்தாலியின் கலாப்ரியா பக்கம் விளைகிற பழம் பெர்கமாட். அதன் தோலில் எடுக்கிற எண்ணெய்தான் சென்ட்டுக்கு வருகிறது. சிட்ரஸ் எண்ணெய்கள் லேசானவை, அரை மணி நேரத்தில் பெரும்பாலும் பறந்துவிடும். அப்புறம் மெல்ல மேலே வருவதுதான் அம்பர். லேப்டனம் என்ற செடிப் பிசின், வெனிலா, நம் வீட்டுச் சாம்பிராணி எல்லாம் கலந்த மணம் அது. ராத்திரி சட்டையைக் கழற்றும்போதும் காலரில் இருக்கும். ஆக, இந்த சென்ட்டுக்குக் காலையில் ஒரு குணம், மத்தியானம் வேறு குணம். குளித்த ஈரத்தோடு கலகலவென்று பேசுகிற ஆள், சாயங்காலம் திண்ணையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது போல. நீங்கள் நாள் முழுக்கக் குடும்பம் நடத்தப்போவது அந்த இரண்டாவது ஆளோடு.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏசி போட்ட ஒரு கடையில் முகர்ந்தேன், பாதிச் சம்பளத்தைக் கொடுத்து நூறு மில்லி வாங்கினேன். குளிரில் அம்பர் அடங்கிக் கிடக்கும் என்று அப்போது தெரியாது. மே மாதம், குளச்சலில் ஒரு கல்யாணம். கடற்கரைப் புழுக்கம். பந்தியில் உட்கார்வதற்குள் எலுமிச்சை போய்விட்டது. வியர்வையோடு அம்பரின் தித்திப்பு ஏறி, பாயசம் வரும்போது தலைவலி. பாட்டில் மூன்று வருஷம் பீரோவில் கிடந்தது. விற்றவருக்கு இது தெரியும். "கொஞ்சம் பொறுத்துப் பார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் அந்தத் தம்பியிடம் பணம் வாங்கவில்லை. மணிக்கட்டில் ஒரு தடவை அடித்து, "வடசேரி வரைக்கும் வெயில்ல நடந்துட்டு, டீ குடிச்சிட்டு, சாயங்காலம் வாங்க தம்பி" என்று அனுப்பினேன். ஆறு மணிக்கு வந்து கையை நீட்டினார். "இப்ப சாம்பிராணி போட்ட வீடு மாதிரி இருக்கு அண்ணாச்சி. இதுதான் பிடிச்சிருக்கு." அதற்கப்புறம்தான் பாட்டிலை எடுத்தேன்.

அடித்தவுடன், அரை மணி கழித்து, மூன்று மணி கழித்து என்று மூன்று தடவை முகருங்கள். வெளிக்காற்றில், உங்கள் தோலில். மூன்றாவது தடவை பிடித்தால் வாங்குங்கள்.

நிற்கவில்லை என்று மறுபடி அடிப்பது

சிட்ரஸ் நிற்காதது அதன் இயல்பு. 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா குடும்பம் தொடங்கிய சென்ட் தொழிலிலிருந்து வந்த கொலோன் தண்ணீரும் (ஓ டி கொலோன்) சீக்கிரம் பறந்துவிடுவதுதான். எலுமிச்சை வாசத்துக்காக மத்தியானம் மறுபடி அடித்தால், ஏற்கெனவே இருக்கிற அம்பர் மேல் இன்னொரு அம்பர் ஏறும். உங்கள் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும்; பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்குப் பழகியிருக்காது.

அம்பர் என்றால் திமிங்கலம் என்று நினைப்பது

நம் கடற்கரைப் பையன்கள் இதை நிச்சயம் கேட்பார்கள். அம்பர்கிரீஸ் வேறு. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். "ஒரிஜினல் திமிங்கல அம்பர்" என்று யாராவது குப்பியைக் காட்டினால், தொடக்கூட வேண்டாம்.

எதிலும் கலக்காத சிட்ரஸ் எண்ணெயைக் கழுத்தில் தடவி வெயிலில் போவது

பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. வெயில் பட்டால் தோல் கருத்துத் திட்டுத் திட்டாகும். வீட்டில் கலக்குகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள்.

காரில் வைப்பது

வேண்டாம். சூட்டில் முதலில் கெடுவது சிட்ரஸ்தான்.