புல்தரையில் தண்ணீர் தேங்குகிறதா? ஒரு கம்பி போதும்

நம்ம குமரி மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அதனால் வீட்டு முற்றத்துப் புல்தரைக்குப் பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சமில்லை, மண் இறுகுவதுதான் தொல்லை. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் செம்மண் கல்லாகிவிடும். அப்புறம் மழைத்தண்ணீர் மேலேயே நிற்கும். வேருக்குக் காற்று போகாமல் புல் மஞ்சளடிக்கும்.

கோல்ஃப் மைதானங்களில் இதற்கென்றே இயந்திரத்தால் துளையிட்டு மணல் நிரப்புவார்கள். நமக்கு விரல் கனத்தில் ஒரு இரும்புக் கம்பி போதும். மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாத நாளில் நாலு விரல் ஆழத்துக்கு, அரைச்சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போங்கள். முதுகு வலிக்கத்தான் செய்யும். பிறகு சலித்த ஆற்றுமணலைத் தூவி, ஈர்க்கு விளக்குமாறால் துளைகளுக்குள் தள்ளுங்கள். கடற்கரை பக்கம்தானே என்று கடல் மணலை அள்ளி வந்துவிடாதீர்கள், உப்பு புல்லைக் கருக்கிவிடும். மே கடைசியிலோ செப்டம்பர் இடைவெளியிலோ செய்தால் அடுத்த மழையில் புல் தேறிவிடும்.

வெட்டும்போது ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். கோல்ஃப் குழியைச் சுற்றியுள்ள புல்லைச் சுமார் 3 மி.மீ. உயரத்துக்கு ஒட்ட வெட்டுவது தினசரி பராமரிப்பு இருப்பதால். வீட்டு அருகம்புல்லுக்கு 3 செ.மீ. சரி.